ஒரே தட்டில் ஆறு வகைப் பூ விதை, 24 நாளாகியும் பாதிக்கு மேல் முளைக்கவில்லை

தொட்டிச்செடி

வணக்கம். 98 குழி ப்ரோ ட்ரே ஒன்றில் ஆறு வகை விதைகளை ஒரே நாளில் போட்டிருக்கிறேன். ஸ்வீட் பீ, ஃபாக்ஸ்குளோவ், டெல்ஃபினியம், லார்க்ஸ்பர், அக்விலீஜியா, ஸ்நாப்டிராகன். கோகோபீட்டும் மண்புழு உரமும் சரிபாதி. எல்லாமே ஒரு சென்டிமீட்டர் ஆழம். மேலே பிளாஸ்டிக் மூடி, ஜன்னலோரம், அறை வெப்பம் 26 முதல் 28 டிகிரி. தினமும் காலையில் தெளிப்பானால் தண்ணீர்.

இன்று 24-ஆம் நாள். ஸ்வீட் பீ 14-ல் 6 வந்திருக்கிறது. ஸ்நாப்டிராகனில் ஐந்தாறு எட்டிப் பார்த்தன, ஆனால் மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூல் மாதிரி மெலிந்து, ஒவ்வொன்றாகச் சாய்கிறது. மற்ற நான்கிலும் ஒன்றுகூட இல்லை. டெல்ஃபினியம் பாக்கெட் மட்டும் இரண்டு வருடப் பழசு, அலமாரியில் இருந்தது.

விதை கெட்டுப்போயிருக்குமா, இல்லை என் முறையில் தப்பா? தட்டைக் கொட்டிவிடலாமா? ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் முளைக்கும் என்கிறார்களே, செய்யலாமா?

விதைப்பெட்டி

ஃப்ரீசர் வேண்டாம், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஈரம் குடித்த விதையை உறைய வைத்தால் உள்ளே செல் வெடித்துச் செத்துவிடும். காய்ந்த விதையை உறைய வைத்தால் விதை சாகாது, ஆனால் அது முளைக்காமல் அடங்கிக் கிடக்கும் உறக்கமும் கலையாது. வேண்டியது ஈரமும் குளிரும் சேர்ந்து: ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு, 4 டிகிரி, விதை நனைந்த நிலையில். பாக்கெட்டோடு அப்படியே ஃப்ரிட்ஜில் போட்டு வைத்திருந்தேன், ஏன் முளைக்கவில்லை என்று கேட்பவர்கள் நிறைய. அது சேமிப்புக்கு நல்லது. உறக்கம் கலைக்கும் குளிர்நேர்த்திக் கணக்கில் அது வராது.

இனி உங்கள் தட்டு. ஆறு வகைக்கும் ஒரே ஆழம், ஒரே வெப்பம், ஒரே வெளிச்சம் கொடுத்திருக்கிறீர்கள். அந்த ஏற்பாடு ஆறில் எதற்குமே முழுசாகப் பொருந்தாது.

ஃபாக்ஸ்குளோவ், ஸ்நாப்டிராகன், அக்விலீஜியா மூன்றும் வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். மேலே தூவி, விரலால் லேசாக அழுத்தி, அப்படியே விட்டுவிட வேண்டும், மூடக்கூடாது. ஃபாக்ஸ்குளோவ் விதை தூசி மாதிரி. அதற்குள் இருக்கும் சேமிப்பு ஒரு சென்டிமீட்டர் மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வரப் போதாது. நல்லவேளையாக, புதைந்தால் உடனே செத்துவிடும் ரகமுமில்லை, மண்ணுக்குள் வருடக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். அதனால் அந்தக் குழிகளில் மேல்மண்ணைப் பல்குச்சியால் கிளறி விடுங்கள். சில விதை வெளிச்சத்துக்கு வந்து, இரண்டு மூன்று வாரத்தில் பச்சைப் புள்ளியாகத் தெரியும்.

டெல்ஃபினியம், லார்க்ஸ்பர் இரண்டும் நேர் எதிர். இருட்டு வேண்டும், குளிர்ச்சி வேண்டும். லார்க்ஸ்பர் 10 முதல் 13 டிகிரியில் நன்றாக வரும். டெல்ஃபினியத்துக்கு 15 டிகிரி பக்கம். 20-ஐத் தாண்டினால் இரண்டிலும் முளைப்பு சரிந்துவிடும். 27 டிகிரியில் மூன்று வாரம் ஈரத்தில் ஊறிய விதை ஒன்று அழுகியிருக்கும், இல்லை சூட்டில் மறுபடி உறங்கப் போயிருக்கும். இரண்டு குழியைத் தோண்டி விதையை எடுத்து இடுக்கியால் மெல்ல நசுக்கிப் பாருங்கள். கெட்டியாக, உள்ளே வெள்ளையாக இருந்தால் உயிர் இருக்கிறது. கூழாகப் பிதுங்கினால் அந்தக் குழிகளைக் காலி செய்யலாம்.

அந்த டெல்ஃபினியம் பாக்கெட் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அறை வெப்பத்தில் சீக்கிரம் வீரியம் இழக்கும் விதை அது. ஹாலிஹாக், பாப்பி, ஸ்வீட் பீ எல்லாம் சில வருடம் தாங்கும், டெல்ஃபினியம் தாங்காது. வாங்கிய அன்றே காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். மிச்சமிருந்தால் 10 விதையை ஈரக் காகிதத்தில் வைத்துச் சோதித்துப் பாருங்கள். நாலுக்குக் கீழே முளைத்தால் புதிது வாங்குவதே மேல்.

திரும்பப் போடும்போது இப்படிச் செய்யலாம். காபி வடிகட்டும் காகிதத்தை நனைத்து, சொட்டுவது நிற்கும்வரை பிழிந்து, ஒரு பாதியில் விதையைத் தள்ளித் தள்ளிப் பரப்பி மடியுங்கள். ஜிப் பையில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி ஃப்ரிட்ஜில் வையுங்கள். லார்க்ஸ்பருக்கு இரண்டு வாரம், டெல்ஃபினியத்துக்கு ஒரு வாரம் போதும். அக்விலீஜியாவுக்கு மூன்று நான்கு வாரம். ஏழாம் நாளிலிருந்து பையைத் திறந்து பாருங்கள். வெள்ளை வேர்முனை 2 மில்லிமீட்டர் நீட்டியதும் எடுத்து நட்டுவிட வேண்டும். அதற்குமேல் விட்டால் வேர் காகித இழைக்குள் புகுந்துகொள்ளும், பிரிக்கும்போது முறியும். முறியும்போல இருந்தால் காகிதத்தையே சுற்றிக் கத்தரித்து, துண்டோடு நட்டுவிடுங்கள்.

டெல்ஃபினியத்தை 3 மில்லிமீட்டர், லார்க்ஸ்பரை 5 மில்லிமீட்டர் மூடினால் போதும். அதன்பிறகும் வீட்டில் குளிர்ச்சியான இடம் எதுவோ அங்கேதான் வைக்க வேண்டும். குளிர்நேர்த்தி கொடுத்துவிட்டு மறுபடி 28 டிகிரியில் கொண்டுவந்து வைத்தால் பட்ட பாடு வீண். அப்படி இடமே இல்லையென்றால் வெளியே இரவு வெப்பம் 15-க்குக் கீழே இறங்கும் பருவம்வரை பாக்கெட்டைப் பிரிக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

வேர்நுனி

ஸ்நாப்டிராகனுக்கு வந்தது நாற்றழுகல். பித்தியம், ரைசாக்டோனியா மாதிரி மண்ணில் வாழும் கிருமிகளின் வேலை. மண்மட்டத்தில் தண்டு கிள்ளிவிட்டது போல மெலிவதுதான் அடையாளம். சாய்ந்தது பிழைக்காது. சாய்ந்த குழியோடு அதைத் தொட்டடுத்த குழிகளையும் கரண்டியால் தோண்டி எறியுங்கள். அந்தக் கரண்டியைக் கழுவாமல் அடுத்த குழியில் வைக்காதீர்கள்.

ஏன் வந்தது என்பதற்கு உங்கள் பதிவிலேயே நாலு காரணம் இருக்கிறது: முளைத்த பிறகும் எடுக்காத மூடி, தினமும் மேலிருந்து தண்ணீர், 28 டிகிரி புழுக்கம், 50 சதவீத மண்புழு உரம்.

கடைசியில் சொன்னதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. விதை முளைக்க உரமே தேவையில்லை, விதையிலை விரியும்வரை அதன் சாப்பாடு அதற்குள்ளேயே இருக்கிறது. பாதிக்குப் பாதி மண்புழு உரம் போட்டால் உப்பும் ஏறும், தண்ணீரும் தேங்கும். கோகோபீட் 3 பங்கு, பெர்லைட் (தண்ணீர் வடிய உதவும் இலேசான வெள்ளைத் துகள்) 1 பங்கு, சலித்த மண்புழு உரம் அரைப் பங்கு. அதற்குமேல் வேண்டாம். கோகோபீட் கட்டி வாங்குபவர்கள் ஊறவைத்த முதல் தண்ணீரைக் கொட்டி, இன்னும் இரண்டு மூன்று முறை அலசிப் பிழியுங்கள். அலசாத நாரில் சோடியமும் பொட்டாசியமும் இருக்கும், சின்ன விதைக்கு அதுவே போதும் வேர் கருக.

கோகோபீட்டில் இன்னொரு ஏமாற்று வேலை உண்டு. மேல்பரப்பு வெளிறிக் காய்ந்த மாதிரி தெரியும், கீழே சொதசொதவென்று இருக்கும். நிறத்தைப் பார்த்துத் தெளிக்காதீர்கள், தட்டைத் தூக்கிப் பாருங்கள். நனைத்த அன்று ஒரு முறை தூக்கி, அந்தக் கனத்தைக் கையில் பழக்கிக்கொண்டால் போதும். பாதி இறங்கிய பிறகு ஒரு தாம்பாளத்தில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் விட்டு, அதில் தட்டை வையுங்கள். 20 நிமிடத்தில் மேல்பரப்பு கருக்கும். உடனே எடுத்து வடிய விடுங்கள்.

முதல் நாற்று தலை தூக்கிய அன்றே மூடி போய்விட வேண்டும். ஒரு சின்ன மின்விசிறியைத் தள்ளி வைத்து, இலை லேசாக அசையும் அளவுக்குக் காற்று விடுங்கள், தண்டும் பருக்கும். பட்டைத்தூள் தூவச் சொல்பவர்கள் சொல்லட்டும், ஈரம் குறையாமல் பட்டைத்தூள் ஒன்றும் சாதிக்காது. ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை நல்ல பொருள்தான், ஆனால் விதைப்பதற்கு முன்பே கோகோபீட் கலவையில் சேர்த்திருக்க வேண்டும்.

மூன்றாம்இலை

விதைப்பெட்டி சொன்னதில் ஒரு மாற்றுக் கருத்து. லார்க்ஸ்பரைக் காகிதத்தில் முளைக்கவைத்து, குழியில் நட்டு, பிறகு தொட்டிக்கு மாற்றி... இத்தனை வேலை எதற்கு? அது ஆணிவேர்ச் செடி. 98 குழித் தட்டில் குழியின் ஆழமே நாலு சென்டிமீட்டர்தான். நாலாவது இலை வருவதற்குள் வேர் அடியைத் தொட்டு மடங்கிவிடும். மடங்கிய செடி சாகாது, குட்டையாக நின்று, முழங்கால் உயரத்திலேயே அவசரமாகப் பூத்து முடித்துவிடும். குளிர் தொடங்கும்போது நிலத்திலோ, 25 சென்டிமீட்டர் ஆழத் தொட்டியிலோ நேரடியாகத் தூவி, 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கலைத்துவிடுவதே சரி.

இப்படி நேரடியாகத் தூவ வேண்டியவை இன்னும் சில: நைஜெல்லா, காலிஃபோர்னியா பாப்பி, கிளார்க்கியா, பெல்ஸ் ஆஃப் அயர்லாந்து. நைஜெல்லா நம் கருஞ்சீரகத்தின் ஒன்றுவிட்ட சகோதரிதான், அதே அடம். பாப்பி, நைஜெல்லா விதையை நாலு பங்கு காய்ந்த மணலோடு கலந்து தூவினால் விழுந்த இடமும் தெரியும், கொத்தாக விழவும் விழாது. கலைக்கும்போது பிடுங்காதீர்கள், பக்கத்துச் செடியின் வேரையும் ஆட்டிவிடும். கத்தரியால் மண்மட்டத்தில் வெட்டினால் போதும்.

விதைப்பெட்டி

@மூன்றாம்இலை, நிலம் இருப்பவர்களுக்கு நீங்கள் சொல்வதுதான் சரி, மறுக்கவில்லை. தொட்டியில் மட்டும் வளர்ப்பவருக்கு விதை வீணாகாமல் எண்ணி நட காகித முறை உதவும். ஆனால் காகிதத்திலிருந்து நேராகக் கடைசித் தொட்டிக்கே போக வேண்டும், நடுவில் குழித்தட்டு வேண்டாம். அதைத் தெளிவாகச் சொல்லாதது என் பிழை.

தொட்டிச்செடி

எல்லோருக்கும் நன்றி. மூடியை எடுத்துவிட்டேன், அழுகிய குழிகளையும் சுற்றுக் குழிகளையும் காலி செய்தாயிற்று. டெல்ஃபினியம் நசுக்கினால் கூழ். லார்க்ஸ்பரில் பாதி கெட்டியாக இருக்கிறது.

இன்னும் மூன்று சந்தேகம். ஸ்வீட் பீயில் முளைக்காத எட்டைத் தோண்டினேன், கல்லு மாதிரி அப்படியே இருக்கின்றன. என்ன செய்ய? ஃபாக்ஸ்குளோவ் இப்போது முளைத்தால் எப்போது பூக்கும்? அடுத்து, நீல பாப்பி என்று ஒரு மெக்கோனாப்சிஸ் பாக்கெட் வைத்திருக்கிறேன், இதே அறையில் போடலாமா?

வேர்நுனி

ஸ்வீட் பீ கல்லாக இருப்பது நல்ல சேதி. தோல் தண்ணீரை உள்ளே விடவில்லை, அவ்வளவுதான். ஈரத் துணியில் ஒரு இரவு வையுங்கள். காலையில் உப்பியிருப்பது உப்பியபடி மண்ணுக்குப் போகட்டும். மிளகு அளவிலேயே இருப்பதை மட்டும் கீறினால் போதும். எல்லா விதையையும் கீற வேண்டும் என்பது பழைய பழக்கம்.

கீறும் விதம்: விதையில் சின்னதாக ஒரு வடு இருக்கும், காயோடு ஒட்டியிருந்த கண். முளை அந்தப் பக்கம்தான் இருக்கிறது, அங்கே கை வைக்காதீர்கள். கண்ணுக்கு நேர் எதிர்ப்புறத்தை நகவெட்டியின் முனையால் கடுகில் கால்வாசி அளவுக்குக் கிள்ளுங்கள். கருந்தோல் போய், உள்ளே வெளிறிய சதை ஒரு புள்ளியாகத் தெரிந்ததும் நிறுத்துங்கள். நகவெட்டி கூசினால் உப்புத்தாளில் அதே இடத்தை நாலு இழுப்பு இழுக்கலாம். பிறகு சில மணி நேர ஊறலில் இரட்டிப்பாகிவிடும். தண்ணீரில் மூழ்கடித்து ஒரு நாளுக்குமேல் விட்டால் மூச்சுமுட்டி அழுகும்.

2 சென்டிமீட்டர் ஆழம், 15 முதல் 18 டிகிரி, உயரமான குறுகிய தொட்டி. மூன்று ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், கீழிருந்து பக்கக்கிளை வரும். விதை பட்டாணி மாதிரி இருக்கும், ஆனால் விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் எட்டாத இடத்தில் வைக்கவும்.

விதைப்பெட்டி

ஃபாக்ஸ்குளோவுக்கு வருகிறேன். சாதாரண ரகம் ஈராண்டுச் செடி. முதல் வருடம் தரையோடு இலைக்கொத்து மட்டும். அந்தக் கொத்து நன்றாகப் பெருத்த பிறகு பல வாரம் 10 டிகிரிக்குக் கீழே குளிர் பட்டால்தான் அடுத்த பருவத்தில் பூந்தண்டு எழும். குளிரே வராத இடத்தில் இலையாகவே இருந்து, பூக்காமல் போகவும் வாய்ப்புண்டு. நிறையப் பேர் உரம் போதவில்லை என்று உரமாகக் கொட்டுவது இந்தக் கட்டத்தில்தான். அப்படிப்பட்ட இடத்துக்குக் குளிர் கேட்காத ரகங்கள் இருக்கின்றன: ஃபாக்ஸி, கேமலாட், டால்மேஷியன். விதைத்து ஐந்து மாதத்தை ஒட்டிப் பூக்கும். உங்கள் பாக்கெட்டில் ரகப் பெயர் என்ன என்று பாருங்கள். வெறுமனே ‘கலவை’ என்றிருந்தால் ஈராண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஹாலிஹாக்கிலும் இதே பிரிவு உண்டு.

பிரித்து நடும்போது தண்டைப் பிடிக்காதீர்கள். இரண்டு நிஜ இலை வந்த பிறகு, விதையிலையின் ஓரத்தைப் பிடித்து, அடியில் ஐஸ்கிரீம் குச்சியை விட்டு நெம்பி எடுங்கள். இலை போனால் வேறு வரும், தண்டு நசுங்கினால் வராது. நட்ட ஒரு வாரம் கழித்து, பாக்கெட்டில் சொன்ன அளவில் கால்வாசி வலுவில் திரவ உரம் போதும்.

ஒரு சின்ன ரகசியம்: கலவை விதையில் வெள்ளைப் பூச்செடியை நாற்றிலேயே பிரித்துவிடலாம். நாலைந்து இலை வந்ததும் இலைக்காம்பைத் திருப்பிப் பாருங்கள். ஊதாச் சாயம் ஓடியிருந்தால் பூவும் ஊதா, இளஞ்சிவப்பு வகை. காம்பு சுத்தப் பச்சையாக இருந்தால் பெரும்பாலும் வெள்ளை.

இலை முதல் விதைவரை முழுச் செடியும் விஷம். இதயத் துடிப்பையே மாற்றும் சத்து அதில் இருக்கிறது. வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் இதன் இலையை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1785-ல் அளவுகளோடு எழுதி வெளியிட்டதிலிருந்துதான் அது முறையான மருந்தானது. மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு என்பதையும் அவரே கண்டார். பூக்காத இலைக்கொத்தைக் காம்ஃப்ரி என்ற மூலிகை என்று நினைத்துப் பறித்தவர்கள் உண்டு. கீரை, மூலிகைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். டெல்ஃபினியம், லார்க்ஸ்பரும் விஷம்தான். கையாண்டபின் கை கழுவவும்.

மூன்றாம்இலை

மெக்கோனாப்சிஸைப் பிரிக்காதீர்கள், ஃப்ரிட்ஜில் வையுங்கள். 1924-ல் செடி தேடிப் போன ஆங்கிலேயர் ஃபிராங்க் கிங்டன் வார்டு திபெத்தின் தென்கிழக்குப் பகுதியிலிருந்து விதை கொண்டுவந்த பிறகுதான் அது தோட்டங்களில் பரவியது. மேகமும் குளிர்ந்த காற்றும் உள்ள மலைச்சரிவுச் செடி. கோடையே இதமாக இருக்க வேண்டும் அதற்கு. 28 டிகிரி அறையில் ஒருவேளை முளைத்தாலும் இரண்டாம் இலைக்குள் நாற்றழுகல் கொண்டுபோய்விடும்.

குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்த வருட விதையாக இருக்க வேண்டும். மேலே தூவி, மூடாமல், 15 டிகிரி. ஈரம் ஒரு நாளும் விட்டுப்போகக்கூடாது, தேங்கவும் கூடாது. சின்னச் செடியாக இருக்கும்போதே பூமொட்டு வந்தால் கிள்ளிவிடுங்கள். பக்கக்கன்று விடாமல் பூத்தால் அந்தப் பூவோடு செடி முடிந்துவிடும். படத்தில் அடர்நீலமாகக் காட்டி வேறு ஏதோ பாப்பி விதையைத் தள்ளுவதும் இணையத்தில் நடக்கிறது. தாவரப் பெயர் எழுதாத பாக்கெட்டை நம்ப வேண்டாம்.

வெப்பமான அறையில் அபூர்வமான நீலம்தான் வேண்டுமென்றால் செரிந்தே என்ற பூச்செடியைப் போட்டுப் பாருங்கள். மிளகளவுக் கருவிதை. ஒரு இரவு ஊறவைத்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டால் பத்துப் பதினைந்து நாளில் வெள்ளைப் புள்ளி தெளித்த தடித்த இலையோடு வரும். உங்கள் ஒரு சென்டிமீட்டர் கணக்கு பொருந்துவது அதற்குத்தான். :)

வேர்நுனி

அக்விலீஜியாவை யாரும் முடிக்கவில்லை. மேல்மண்ணைக் கிளறிவிட்டு, அந்தக் குழிகளைத் தட்டிலிருந்து வெட்டிப் பிரித்து, அப்படியே ஜிப் பையில் போட்டு, நான்கு வாரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்து 18 முதல் 20 டிகிரி, நல்ல வெளிச்சம். அதன்பிறகும் ஒரு மாதம் ஆகலாம், ஒரே நாளில் சேர்ந்து வராது, ஒன்று இரண்டாக வரும். மூன்று மாதம் முடியாமல் கொட்டாதீர்கள். பெயர்ச்சீட்டை மார்க்கரால் எழுதாமல் பென்சிலால் எழுதுங்கள். ஃப்ரிட்ஜ் ஈரத்திலும் பிறகு வெயிலிலும் மார்க்கர் மை மங்கிவிடும், மூன்றாம் மாதம் எது என்ன என்றே தெரியாது.